நூற்றுக்கு மூன்று

மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து மைதீன் பிச்சை வீடு திரும்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. முப்பது வருடமாக ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி அனுப்பிய மனிதர். இப்போது தன் வலது கண்ணின் மேல் அதே துணியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்து ஈஸிசேரில் கிடந்தார். இடது கண்ணிலும் புரை. ஆள் வந்தால் நிழல் தெரியும். எழுத்து தெரியாது.

அதனால்தான் கடைக் கடிதங்களை வாசித்துக் காட்டும் வேலை மருமகள் நூர்னிசாவின் கைக்கு வந்தது. கடையநல்லூர்ப் பெண். தபாலில் பி.காம். முடித்தவள். கடிதங்களோடு நிற்காமல் கணக்கு நோட்டுகளையும் புரட்டிவிட்டாள் என்பதும், புரட்டியதை மாமனாரிடம் சொல்லவில்லை என்பதும் சென்ற வாரமே நமக்குத் தெரியும்.

அவள் கண்டது சிக்கலான விஷயம் அல்ல. நாக்பூரிலும் கட்டாக்கிலும் இருக்கும் பார்ட்டிகள் சரக்குக்கு செக் அனுப்புவார்கள். அதை ராஜபாளையத்து பேங்கில் போட்டால், தபாலில் வெளியூர் போய்ப் பணமாகித் திரும்பப் பதினைந்து நாளாகும். தறிக்காரர்களுக்கோ சனிக்கிழமை தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். எனவே செக் வந்த அன்றே மைதீன் பிச்சை அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மருமகன் முத்து முகம்மதுவுக்கு அனுப்பிவிடுவார். முத்து முகம்மது நூற்றுக்கு மூன்று ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பார். பணமாக இருபது நாளைத் தாண்டினால் நூற்றுக்கு இன்னொரு ரூபாய். கமிஷன் என்று அதற்குப் பெயர். நான்கு வருடமாக இப்படித்தான். செக் கைமாறத் தோதாக, அதில் கோடு போடாமல் அனுப்பும்படி பார்ட்டிகளுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும்.

நூர்னிசா பேங்குக்குப் போய் மேனேஜர் சுந்தரபாண்டியனிடம் கேட்டாள். வெளியூர் செக்குக்கு பேங்க் பிடிப்பது, தபால் செலவு உட்பட, நூற்றுக்கு முப்பத்தைந்து பைசா. அவரே இன்னொரு வழியும் சொன்னார். செக்குக்குப் பதிலாக ராஜபாளையத்தில் மாற்றும்படியான டிராஃப்டாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டிராஃப்ட் கமிஷனை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் லாபம்தான், வந்த மறுநாளே பணம் என்றார்.

அவள் கணவன் அபுபக்கர் பெயரில் நாக்பூருக்கு எழுதினாள். அடுத்த மாதம் முதல் டிராஃப்ட் அனுப்பச் சம்மதம் என்று பதில் வந்தது. இடையில் வரும் இரண்டு சனிக்கிழமைக் கூலிக்காக நான்கு வளையல்களை விற்றாள். அடகு வைத்தால் வட்டி என்பதால் விற்றாள்.

நாக்பூரிலிருந்து வந்த கவரில் பதிலோடு கடைசி செக்கும் இருந்தது. நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். கூடவே அவள் கேட்டிருந்த ஒரு பட்டியலும். கடிதத்தை மாமனாருக்கு வாசித்துக் காட்டியபோது டிராஃப்டைப் பற்றியும் செக்கைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் பேச்சு வந்தது. முதலில் பேங்குக்கா, ஸ்ரீவில்லிபுத்தூருக்கா?

போகிற வழியில் செக்கைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றாள் நூர்னிசா. அபுபக்கருக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டில் எதையும் பெண்ணைக் கட்டியவரிடம் முதலில் சொல்வது வழக்கம். வீட்டுக்கு வெள்ளையடிப்பதைக்கூட அக்கா புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

"போட்டுட்டுப் போய்ச் சொன்னா அது தகவல். போடுறதுக்கு முன்னச் சொன்னாத்தான் மரியாத" என்றான்.

செக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறினார்கள். அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்று அத்தாவிடம் சொல்லியாயிற்று.

*

முத்து முகம்மதுவின் கடை தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. பள்ளிவாசல் கமிட்டியில் அவர்தான் பொருளாளர். வட்டி என்ற சொல்லே அவர் கடைக்குள் நுழையாது என்பது ஊரறிந்த சங்கதி. பேங்க் கணக்கில் தானாக ஏறிய வட்டியைக்கூட எடுத்து, பொதுக் கழிப்பறை கட்டக் கொடுத்தவர்.

அவர்கள் போனபோது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒரு கெண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்து முகம்மது இருவரையும் உட்காரச் சொன்னார். உள்ளே குரல் கொடுத்தார். ரஹ்மத் பீவி வந்து எட்டிப் பார்த்தாள். தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கோழி வாங்க ஆள் அனுப்பினாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் அவள் செய்கிற முதல் காரியம் அடுப்பை மூட்டுவதுதான்.

"நாக்பூர்க்காரன் செக்கு இந்நேரம் வந்திருக்கணுமே மாப்ளே. கைய வீசிக்கிட்டு வந்திருக்கீக" என்றார் முத்து முகம்மது.

அபுபக்கர் சொல்ல ஆரம்பித்தான். பஸ்ஸில் இரண்டு முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்தான். கடையில் அவை வேறு வரிசையில் வந்தன. பேங்க் என்றான், மேனேஜர் என்றான், மச்சானுக்கு எதற்கு வீண் சிரமம் என்றான். கடைசியில் முப்பத்தைந்து பைசா என்று மெதுவாகச் சொல்லி நிறுத்தினான்.

முத்து முகம்மது முழுவதையும் கேட்டார்.

"நல்லதுதான். டோக்கன வாங்கிக்கிட்டு பேங்கு பெஞ்சுல உக்காந்திருக்கலாம். தலைக்கு மேல ஃபேனும் ஓடும்" என்றார். மோதினார் சிரித்தார். "மாமாவுக்குத் தெரியுமா இது?"

அபுபக்கர் மனைவியைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"அப்படியா. அப்ப இது நூர்னிசா கம்பெனி. மாமா கம்பெனின்னு நெனச்சு நான் ஒவ்வொரு செக்குக்கும் முப்பது நாளு, நாப்பது நாளு எம் பணத்த முடக்கிப் போட்டுக் காத்துக் கெடந்தேன்."

பேசக்கூடாது என்று சொல்லித்தான் அபுபக்கர் அவளைக் கூட்டி வந்திருந்தான். அவளும் சரி என்றிருந்தாள். ஆனால் அந்த முப்பதும் நாற்பதும் அவளுக்குத் தாங்கவில்லை. கைப்பையைத் திறந்து பட்டியலை எடுத்தாள்.

நாக்பூர் பார்ட்டி கடைசியாகக் கொடுத்த ஏழு செக்குகள், அவர்கள் கணக்கிலிருந்து எந்தெந்தத் தேதியில் கழிந்தன என்று எழுதி அனுப்பிய காகிதம் அது. அவள் அதை அவர் முன் வைக்கவில்லை. வாசித்தாள்.

"பதினாலு நாளு. பதிமூணு. பதினாறு. பொறவு பதினாலு. ஏழுல ஒண்ணுகூட இருபதத் தாண்டலண்ணே. ஏழுக்கும் தாண்டிருச்சுன்னு ஒரு ரூவா கூடப் புடிச்சிருக்கீக."

அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அதுவும் போகட்டும். நாளுக்கு நாள் ஏறுறதுக்குப் பேரு கமிஷன் இல்லண்ணே" என்றாள்.

வேறு என்ன பெயர் என்று அவள் சொல்லவில்லை. மோதினார் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். பிறகு முதலில் பார்த்ததையே மறுபடியும் எடுத்தார்.

முத்து முகம்மது அந்தக் கெண்டியை வாங்கி, காகிதத்தில் சுற்றி, சணல் போட்டுக் கட்டினார். விலையில் இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டார். மோதினார் தெருவில் இறங்கித் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"ரஹ்மத்து, தம்பி கூடப் போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வா. மாமாவுக்குக் கண்ணு முடியல. பாத்துக்கிட ஆள் வேணும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். கோழியைக் கழுவிக்கொண்டிருந்த கை.

"எத்தன நாளைக்கு?"

"அவிய செக்கு பாஸாகுறது வரைக்கும். இருபது நாளத் தாண்டாதாம். ஒந் தம்பி பொண்டாட்டி கணக்கு வச்சிருக்கா."

ரஹ்மத் பீவி தம்பியைப் பார்த்தாள். பிறகு நூர்னிசாவை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஒரு பையில் நான்கு புடவை வைத்துக்கொண்டு வந்தபோது, அவர் அவள் இடுப்பைக் காட்டினார். அவள் கொத்துச்சாவியை எடுத்துக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்தாள்.

பையை அவரே பஸ் ஸ்டாண்ட் வரை தூக்கி வந்தார். வழியில் பால்கோவா அரைக் கிலோ வாங்கினார். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாக அதை மனைவியின் மடியில் வைத்து, மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பார்த்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தவர்கள், எவ்வளவு அக்கறையான மனுஷன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

*

அபுபக்கர் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். பெண்கள் இருவரும் பின்னால்.

"ஒரு செக்குல ஒனக்கு எம்புட்டு மிச்சமாகும்?" என்று கேட்டாள் ரஹ்மத் பீவி.

"இந்தச் செக்குல ஆயிரத்து இருநூத்தி நாப்பது மதினி."

"வருசத்துக்கு?"

"முப்பதாயிரம் வரும்."

"பரவால்ல. நான் திங்கிற சோத்துக்கு அம்புட்டு ஆகாது."

நூர்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். எதற்காகக் கேட்பது என்று தெரியவில்லை. அவள் வாசித்த ஏழு எண்களில் ஒன்றும் தவறில்லை.

அக்காள் விடவில்லை. அந்தச் செக்கைக் காட்டு என்றாள். ஒன்பது வருட வாழ்க்கை எதன் பொருட்டு ஒரு பைக்குள் சுருங்கியது என்று பார்க்க ஆசைப்பட்டாளோ என்னவோ. கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். இவ்வளவு மெல்லிய காகிதமா என்றாள். இதை யார் கொண்டுபோனாலும் பணம் கொடுப்பார்களா என்று கேட்டாள்.

பின்னால் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டால், வாங்கியவர் தன் கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று நூர்னிசா விளக்கினாள். மேல் மூலையில் சாய்வாக இரண்டு கோடு போட்டு, நடுவில் அக்கவுண்ட் பேயீ ஒன்லி என்று எழுதிவிட்டால் முடியாது. யார் பேருக்கு எழுதியிருக்கிறதோ அவர் கணக்கில் மட்டும்தான் விழும்.

"எழுதுனத அழிச்சா?"

"செக்குக் குடுத்தவக அழிச்சுக் கையெழுத்துப் போடணும். நாக்பூருக்குத்தான் போகணும்."

"ரெண்டு கோடு" என்று ரஹ்மத் பீவி தனக்குள் சொல்லிக்கொண்டாள். செக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

*

வீடு சேரும்போது மணி ஒன்று இருபது. பேங்க் கவுண்டரை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

மைதீன் பிச்சை மூன்று நிழல்களைப் பார்த்தார். மூன்றாவது நிழல் யாரென்று கேட்டார். ரஹ்மத் பீவி சலாம் சொன்னாள். உங்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார் என்றாள். பையைக் கீழே வைத்த சத்தத்தில் அதன் கனத்தை அவர் தெரிந்துகொண்டார்.

மகளை உள்ளே போய்ச் சாப்பிடச் சொன்னார். பிறகு மகனிடம் நடந்ததைக் கேட்டார். அபுபக்கர் எதையும் மறைக்கவில்லை. செக் வந்தது, நூர்னிசா நாக்பூருக்கு எழுதியது, வளையல், பட்டியல், மோதினார்.

"செக்கு எங்க?"

நூர்னிசா எடுத்தாள்.

"பேனாவும் கொண்டா. கையெழுத்துப் போடுற எடத்துல எம் வெரல வையி."

அவள் பின்பக்கத்தைத் திருப்பி, அவருடைய விரலைப் பிடித்து வைத்தாள். முப்பது வருடப் பழக்கம். கண் இல்லாமலும் கையெழுத்து நேராகவே விழுந்தது.

"மூணு மணி பஸ்ஸுல அக்காவக் கூட்டிட்டுப் போ. செக்க மச்சான் கையில குடு. கூலிக்காரி புத்தியில பேசிட்டா, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லு" என்றார் மகனிடம். நூர்னிசாவின் நிழல் இருந்த பக்கம் திரும்பினார். "நீ கடையநல்லூருக்குப் போயிரு. நான் சொல்லி அனுப்புறப்ப வந்தாப் போதும்."

அபுபக்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அவிய நம்மள ஏமாத்தியிருக்காக. நீங்க அந்தப் பட்டியல ஒரு தடவ கேளுங்க" என்றாள் நூர்னிசா.

"எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நாலு வருசத்துக்கு முந்தி நானும் பேங்குலதான் போட்டேன். முப்பது பைசா அப்ப." அவர் குரலைத் தாழ்த்தினார். உள்ளே மகள் இருக்கிறாள் என்பது நினைவிருந்தது. கண் கட்டியிருந்ததால் அவள் எங்கே இருக்கிறாள் என்பது தெரியவில்லை. "அஞ்சு வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. வேற பொண்ணு பாக்குதாகன்னு எங் காதுல விழுந்துச்சு. மறு வாரமே செக்கக் கொண்டுபோயி அவர் கையில குடுத்தேன். சீக்கிரம் பணம் வேணும், நீங்கதான் ஒத்தாச செய்யணும்னேன். நூத்துக்கு மூணுன்னார். சரின்னேன். நாலுன்னாலும் சரின்னிருப்பேன்."

கண் கட்டின் ஓரத்தை அவர் விரலால் அழுத்திவிட்டுக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு பைசாவுக்கு பேங்க்காரன் செக்க மாத்திக் குடுப்பான். எம் மவள வச்சிருப்பானா?"

அடுப்படிக்குப் போகும் வாசலில் பால்கோவாப் பொட்டலத்தோடு ரஹ்மத் பீவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று அபுபக்கருக்கும் தெரியாது.

போன வருடம் மழைக்காலத்தில் லாரி ஓடாமல் சரக்குத் தேங்கிக் கிடந்தது, செக்கும் வரவில்லை. அந்த ஐப்பசியில் முத்து முகம்மது பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டதோ, மாமியார் வீட்டு விருந்தில் ஏதும் தவறிவிட்டதோ என்று அவள் ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கித் தேடிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் தம்பி இரண்டு செக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு மல்லிகைப்பூ வந்தது. அவர் மனசு மாறிவிட்டதென்று அல்லாவுக்கு நன்றி சொல்லித் தொழுதாள்.

அவள் கூடத்துக்கு வந்தாள். பொட்டலத்தை அத்தாவின் பக்கத்தில் வைத்தாள்.

"நாக்பூர்லருந்து எப்ப செக்கு வருதுன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அத்தா. அன்னைக்கு எனக்கு நல்ல நாளா கெட்ட நாளான்னு விடியும்போதே தெரிஞ்சிருக்கும்."

மைதீன் பிச்சையின் வாய் அசைந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒனக்காகத்தான் என்று ஆரம்பித்தார்.

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஈஸிசேரின் கைப்பலகையில் கிடந்த செக்கையும் பேனாவையும் எடுத்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற கை. தரையில் உட்கார்ந்து, செக்கை முழங்காலில் வைத்து, மேல் மூலையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டாவது கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

"யாரு எழுதுறது?" என்று கேட்டார் மைதீன் பிச்சை. பேனா முனை காகிதத்தில் கீறும் ஒலியை முப்பது வருடமாகக் கேட்டவர்.

ரஹ்மத் பீவி பேனாவை நூர்னிசாவிடம் நீட்டினாள்.

"நடுவுல எழுதுறத நீ எழுது. எனக்கு இங்கிலீசு வராது."

நூர்னிசா கணவனைப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று தலையசைத்தான். வீடு திரும்பிய பிறகு அவன் தானாக எடுத்த முதல் முடிவு அது. அவள் பேனாவை வாங்கி, மூன்று வார்த்தைகளையும் தெளிவாக எழுதினாள்.

"இனிமே இதக் கொண்டுபோனா அவிய வாங்குவாகளா?"

"வாங்க முடியாது மதினி."

"அப்ப நானும் போக முடியாது" என்றாள் ரஹ்மத் பீவி. பையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

மைதீன் பிச்சை கைப்பலகையைத் தடவினார். செக்கு எங்கே என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. கட்டுப் போட்ட கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நூர்னிசா ஒரு பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதை அவர் தரையில் எறிந்தார்.

அபுபக்கர் குனிந்து தரையில் கிடந்த செக்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். செருப்பை மாட்டினான். கடிகாரம் ஒன்று நாற்பத்தைந்தைக் காட்டியது. எங்கே போகிறான் என்று அத்தாவிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

தெருமுனையில் இடதுபக்கம் திரும்பினால் பேங்க். வலதுபக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட். அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்க்க, அந்த வீட்டிலிருந்து யாரும் வாசலுக்கு வரவில்லை.